சைஸ் பைட் பிசகாமல் சரி, ஷா256 மட்டும் பொருந்தவில்லை: 6 ஜிபியையும் மறுபடி இறக்கணுமா?

பிடிஎம்_பிஜி கேட்டது:

வணக்கம். உபுண்டு 24.04 (இலவச லினக்ஸ் ஓஎஸ்) டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டால் டிஸ்க்கின் முழு நகல் ஃபைல், இறக்கினேன்; கிட்டத்தட்ட 6 ஜிபி. ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் பிள்ளைகளுக்கு நடக்கிற கம்ப்யூட்டர் வகுப்பில் பழைய மெஷின்களில் இதைப் போட வேண்டும்.

பெங்களூரு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) வைஃபை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கனெக்ட் ஆனதும் போன் நம்பர், ஓடிபி கேட்கும் லாகின் பக்கம். கொஞ்ச நேரம் போனால் தானாக லாக்அவுட். அதனால் பிரவுசரை விட்டுவிட்டு டெர்மினலில் டபிள்யூகெட் -சி போட்டு, அறுந்த இடத்திலிருந்து தொடர்ந்து இறக்கினேன். லிங்க் ஒரு மிரரின் (அதே ஃபைல்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) எச்டிடிபி லிங்க். எச்டிடிபிஎஸ் இல்லை.

ஃபைல் சைஸ் மிரரில் இருப்பதோடு பைட் கணக்கில் அப்படியே ஒத்துப்போகிறது. ஷா256, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற அடையாள மதிப்பு, தளத்தில் இருப்பதோடு பொருந்தவில்லை. மறுபடி கணக்கிட்டாலும் அதே தப்பான மதிப்புதான் வருகிறது. முழு நீளமும் வந்த பிறகு ஹாஷ் எப்படி மாறும்? 6 ஜிபியையும் திரும்ப இறக்காமல் சரிசெய்ய வழி உண்டா? வகுப்பு எடுக்கும் இன்னொருவரிடம் விண்டோஸ் லேப்டாப்தான் இருக்கிறது. அவர் எப்படிச் சரிபார்ப்பது என்றும் சொன்னால் நல்லது.

---

சில்க்போர்டு_சிக்னல்:

ப்ரோ, சைஸ் பைட் பிசகாம ஒத்துப்போகுதுன்னா ஃபைல் முழுசா வந்துடுச்சு. பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணிப் பாருங்க, டெஸ்க்டாப் வந்தா நல்ல ஃபைல். நெட்ல டேட்டாவ கொண்டுவர்ற டிசிபியே ஒவ்வொரு பாக்கெட்டையும் செக் பண்ணித்தானே வாங்குது, நடுவுல எப்படிக் கெடும்? ஹாஷ் எல்லாம் பேங்க் சர்வர்காரங்க பாக்கற வேலை.

---

ஹெக்ஸ்_எடிட்டர்:

சில்க்போர்டு சொன்னதில் பாதி சரி: முழு நீளமும் வந்திருக்கிறது. அந்த நீளத்துக்குள் இருப்பதெல்லாம் உபுண்டுதானா என்பதற்கு சைஸ் பதில் சொல்லாது.

பூட் ஆவதும் அத்தாட்சி இல்லை. ஐஎஸ்ஓவின் பெரும்பகுதி ஸ்குவாஷ்எஃப்எஸ் என்கிற, அமுக்கிச் சுருக்கி வைத்த பிளாக்குகள். பூட் ஆகும்போது தேவைப்படுவதை மட்டும் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) படிக்கும். கெட்ட பிளாக் அதில் சேராத இடத்தில் இருந்தால் டெஸ்க்டாப் வரை அழகாக வரும். இன்ஸ்டால் ஓடும்போது அந்த இடத்தைத் தொட்டதும் கர்னல் லாகில் ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் வரிசையாக விழும், இன்ஸ்டாலர் பாதியில் நிற்கும். அதற்கு முன்பே ஹார்ட் டிஸ்க்கில் பழைய பார்ட்டிஷனை அழித்திருக்கும். பழைய விண்டோஸும் போச்சு, புது உபுண்டுவும் இல்லை என்கிற நிலையில் மெஷின் உட்கார்ந்திருக்கும்.

இனி உங்கள் ஃபைல். திரும்பத் திரும்பக் கணக்கிட்டும் ஒரே தப்பான மதிப்பு என்றால் டிஸ்க்கில் இருப்பதே வேறு. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மதிப்பு வந்திருந்தால் நான் டவுன்லோடை விட்டுவிட்டு ரேம், யுஎஸ்பி கேபிள், டிஸ்க் இவற்றைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அடுத்தது, எச்டிடிபி லிங்க்கும் லாகின் பக்கமும் சேர்ந்திருப்பது. என் கணிப்பு இதுதான்:

லாகின் ஆகாத நேரத்தில் டபிள்யூகெட் ஓடியிருக்கிறது. பிஜி ரூட்டர் குறுக்கே புகுந்து தன் லாகின் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. டபிள்யூகெட் அதை நல்ல பதில் என்று நம்பி, நீங்கள் கேட்ட ஐஎஸ்ஓ பெயரிலேயே சேமித்துவிட்டது. சில கேபி எச்டிஎம்எல், பெயர் மட்டும் உபுண்டு. பிறகு நீங்கள் லாகின் செய்து டபிள்யூகெட் -சி போட்டபோது அது ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் நீளத்தைப் பார்த்தது. 5000 பைட் இருந்தால் 'முதல் 5000 பைட் என்னிடம் இருக்கிறது, அதற்கு மேல் கொடு' என்று மிரரைக் கேட்டது. மிரரும் ஒழுங்காகக் கொடுத்தது. கடைசியில் நீளம் கச்சிதம், வால் முழுக்க உபுண்டு, தலையில் மட்டும் லாகின் பக்கம். எச்டிடிபிஎஸ் லிங்க்காக இருந்தால் ரூட்டர் குறுக்கே வந்ததும் சர்டிஃபிகேட் பிழை காட்டி டபிள்யூகெட் நின்றிருக்கும்.

டிசிபி பற்றிக் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. லாகின் பக்கத்தை டிசிபி ஒரு பிட் குறையாமல்தான் கொண்டுவந்து சேர்த்தது. கொடுத்தவர் வேறு ஆள் என்பது அதற்குத் தெரியாது. அதோடு டிசிபியின் செக்சம் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் சரிபார்ப்பு எண்) வெறும் 16 பிட். கன்னாபின்னாவென்று கெட்ட பாக்கெட்டுகளில் ஏறத்தாழ 65536-க்கு ஒன்று அதன் கண்ணில் படாமல் நழுவலாம்.

பார்த்துவிடலாம். கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்; உபுண்டு.ஐஎஸ்ஓ என்ற இடத்தில் உங்கள் ஃபைலின் முழுப் பெயரைப் போடுங்கள்:

ஹெட் -சி 400 உபுண்டு.ஐஎஸ்ஓ

படிக்க முடிகிற எச்டிஎம்எல் வந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல ஐஎஸ்ஓவாக இருந்தால் கிறுக்கலாகத்தான் வரும். தொடக்கத்தில் பூட் கோட் இருக்கும், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 32769-ஆம் பைட்டிலிருந்து 'சிடி001' என்ற ஐந்து எழுத்து அடையாளம் நிற்கும்.

எச்டிஎம்எல்தான் என்றால் 6 ஜிபி வேண்டாம், 1 எம்பி போதும். வைஃபையில் லாகின் ஆகியிருப்பதை பிரவுசரில் உறுதி செய்துகொண்டு:

கர்ல் -ஆர் 0-1048575 -ஓ தலை.பின் (அதே மிரர் லிங்க்)

எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் இது சரியாக 1048576 பைட். தலை.பின் அதே சைஸில் இருக்கிறதா என்று எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். சில கேபிதான் இருந்தால் திரும்பவும் லாகின் பக்கம். 6 ஜிபிக்கு ஓடிக்கொண்டே போனால் சர்வர் துண்டு துண்டாகக் கொடுப்பதில்லை என்று பொருள், நிறுத்திவிடுங்கள். சரியாக வந்தால்:

டிடி ஐஎஃப்=தலை.பின் ஓஎஃப்=உபுண்டு.ஐஎஸ்ஓ கன்வ்=நோட்ரங்க்

கடைசியில் இருக்கும் நோட்ரங்க்கை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் டிடி உங்கள் 6 ஜிபி ஃபைலை 1 எம்பிக்கு வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும். டிஸ்க்கில் இடமிருந்தால் முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

மிரரில் இருப்பது நீங்கள் இறக்கிய அதே பாயிண்ட் ரிலீஸா (ஒரே வெர்ஷனின் திருத்திய வெளியீடு) என்றும் பாருங்கள். 24.04.1 ஃபைலின் உடலில் 24.04.2-வின் தலையை ஒட்டினால் எந்த ஹாஷுக்கும் பொருந்தாது.

பிறகு மிரரில் ஐஎஸ்ஓ பக்கத்திலேயே கிடக்கும் ஷா256சம்ஸ் என்ற சின்ன ஃபைலையும் அதே ஃபோல்டரில் இறக்கி:

ஷா256சம் -சி ஷா256சம்ஸ் --இக்னோர்-மிஸ்ஸிங்

'ஓகே' என்று ஒரு வரி வர வேண்டும். இக்னோர்-மிஸ்ஸிங் போடாவிட்டால், பட்டியலில் இருந்து உங்களிடம் இல்லாத சர்வர் ஐஎஸ்ஓ போன்றவற்றுக்கெல்லாம் 'ஃபைல் இல்லை' என்று கத்தும். எதையும் சரிபார்க்கவில்லை என்று மெசேஜ் வந்தால் ஃபைல் பெயரைப் பாருங்கள். பிரவுசர் பெயரில் '(1)' சேர்த்திருக்கும், அல்லது நீங்களே சுருக்கியிருப்பீர்கள். பட்டியலில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். விண்டோஸ் நோட்பேடில் திறந்து சேமித்த பட்டியலிலும் ஒரு வம்பு உண்டு. வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிஆர் எழுத்து ஒட்டிக்கொள்ளலாம். அதையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு, எதிரே இருக்கும் ஃபைலையே இல்லை என்று பழைய லினக்ஸ் பதிப்புகள் சாதிக்கும்.

---

டோரண்ட்_தம்பி:

ஹெக்ஸ் அண்ணா சொன்னது ஃபைலின் தலையில் கோளாறு என்றால் பொருந்தும். ஹெட் போட்டுப் பார்த்து எச்டிஎம்எல் இல்லை என்றால், 6 ஜிபிக்குள் எந்த இடம் கெட்டது என்று ஷா256 சொல்லாது; ஒரு பிட் மாறினாலும் மொத்த மதிப்பும் தலைகீழாகும். அதற்கு டோரண்ட்தான் கைகொடுக்கும்.

டோரண்ட் ஃபைலில் ஐஎஸ்ஓவைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஹாஷ் வைத்திருப்பார்கள். உபுண்டு தளத்திலேயே அதே வெர்ஷனின் டோரண்ட் கிடைக்கும். க்யூபிட்டோரண்ட்டில் அதைச் சேர்க்கும்போது சேமிக்கும் இடமாக உங்கள் ஐஎஸ்ஓ இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள், பெயர் மாறாமல் இருக்கட்டும். ரைட் கிளிக், ஃபோர்ஸ் ரீசெக். ட்ரான்ஸ்மிஷனில் இதற்கு வெரிஃபை லோக்கல் டேட்டா என்று பெயர். 99 சொச்சம் சதவீதத்தில் நிற்கும். ஸ்டார்ட் கொடுத்தால் கெட்ட துண்டுகளை மட்டும் இறக்கிப் பொருத்திவிடும்.

பிஜி வைஃபையிலும் ஆபீஸிலும் டோரண்ட்டைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள். அப்போது ஜெட்சிங்க். உபுண்டு ரிலீஸ் சர்வரில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்தில் .ஜெட்சிங்க் என்று முடியும் ஃபைல் இருக்கும். ஜெட்சிங்க் -ஐ போட்டுக் கெட்ட ஐஎஸ்ஓவைக் காட்டினால், அதிலிருந்து நல்ல பிளாக்குகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் எச்டிடிபியில் கேட்டு வாங்கும்.

---

சிஸ்அட்மின்_அக்கா:

விண்டோஸ் ஆளுக்கு நான் சொல்கிறேன். எந்த சாஃப்ட்வேரும் புதிதாகப் போட வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டில்:

செர்ட்யூடில் -ஹாஷ்ஃபைல் உபுண்டு.ஐஎஸ்ஓ ஷா256

கடைசி வார்த்தையை விட்டால் செர்ட்யூடில் கேள்வி கேட்காமல் ஷா1 கணக்கிட்டுக் கொடுக்கும். அதை ஷா256-உடன் ஒப்பிட்டு 'ஐயோ பொருந்தவில்லை' என்று பதறி, நல்ல ஃபைலை அழிக்கிறவர்கள் நிறைய. நீளத்தைப் பார்த்தாலே பிடித்துவிடலாம்: எம்டி5 என்றால் 32 எழுத்து, ஷா1 40, ஷா256 64, ஷா512 128. நீளமே வேறாக இருந்தால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் என்று அடித்து ஃபைல் பெயர் கொடுத்தால் போதும், அது எதுவும் சொல்லாவிட்டாலும் ஷா256-தான் போடும். கண்ணால் 64 எழுத்தை ஒப்பிட வேண்டாம், கம்ப்யூட்டரையே ஒப்பிடச் சொல்லுங்கள்:

(கெட்-ஃபைல்ஹாஷ் உபுண்டு.ஐஎஸ்ஓ).ஹாஷ் -ஈக்யூ 'தளத்தில் இருந்து காப்பி செய்த மதிப்பு'

ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று வரும். பவர்ஷெல் பெரிய எழுத்தில் காட்டும், தளத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். -ஈக்யூ அதைப் பொருட்படுத்தாது. காப்பி செய்யும்போது முன்னாலோ பின்னாலோ ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டால் மட்டும் ஃபால்ஸ் சொல்லும்.

7-ஜிப் ஏற்கெனவே இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக், சிஆர்சி ஷா மெனுவில் ஷா-256. மேக்கில் ஷாசம் -ஏ 256.

எவ்வளவு நேரம் ஆகும் என்று அடுத்துக் கேட்பார். பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தால் 6 ஜிபிக்கு ஒரு நிமிடம். யுஎஸ்பி 2 பென்டிரைவிலிருந்து படித்தால் மூன்று நான்கு நிமிடம் பொறுக்க வேண்டும்.

சைஸ் பற்றியும் ஒன்று. 600 கோடி பைட் ஃபைலை விண்டோஸ் 5.58 ஜிபி என்றும் உபுண்டு ஃபைல் மேனேஜர் 6.0 ஜிபி என்றும் காட்டும். ஒன்று 1024-ஆல் வகுக்கிறது, மற்றது 1000-ஆல். ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து முழு பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். அது 4294967295-இல் முட்டி நின்றால் நீங்கள் இறக்கிய டிரைவ் ஃபேட்32. ஒரு ஃபைலுக்கு அதில் அவ்வளவுதான் இடம். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யாமல் எத்தனை தடவை இறக்கினாலும் அங்கேயேதான் நிற்கும்.

---

சில்க்போர்டு_சிக்னல்:

சரி சரி, ஹாஷ் பாக்கணும், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு எம்டி5 போதாதா? அப்புறம் முதல் நாலு, கடைசி நாலு எழுத்து பாத்தா போதாதா? 64 எழுத்தும் யாரு பாப்பாங்க?

---

சாவிக்கொத்து:

யாரிடமிருந்து காப்பாற்றிக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது ப்ரோ.

வைஃபை அறுந்தது, டிஸ்க் கெட்டது போன்ற தற்செயல் கோளாறுக்கு எம்டி5 தாராளமாகப் போதும். முதல் நாலு, கடைசி நாலும் போதும். ஆள் வேண்டுமென்றே மாற்றியிருந்தால் கதை வேறு. எட்டு எழுத்து என்பது 32 பிட், சுமார் 430 கோடி வாய்ப்பு. ஃபைலின் கடைசிச் சில பைட்டுகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, அந்த எட்டு எழுத்தும் ஒத்துவருகிற ஒன்றைத் தேடுவது சாதாரண கம்ப்யூட்டரே செய்து முடிக்கிற வேலை. எம்டி5-இல் ஒரே ஹாஷ் வரும் இரண்டு ஃபைல்களை உருவாக்க முடியும் என்பது 2004-லேயே வெளிப்பட்டது. ஷா1-க்கு 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து அதைச் செய்து காட்டின. ஷா256 கொடுத்திருக்கும்போது எம்டி5-ஐத் தேடிப் போக ஒரு காரணமும் இல்லை.

அதைவிட முக்கியம், ஹாஷ் எங்கிருந்து வந்தது என்பது. ஐஎஸ்ஓவும் ஹாஷும் ஒரே தளத்தில், தளத்துக்குள் ஆள் புகுந்துவிட்டான் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவான். 2016 பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட் தளத்தில் நடந்தது நினைவிருக்கலாம். உள்ளே புகுந்தவர்கள் 17.3 சினமன் ஐஎஸ்ஓவின் டவுன்லோட் லிங்க்கைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். பைட் பிசகாமல் இறங்கும், பூட் ஆகும், இன்ஸ்டாலும் ஆகும்.

இதற்குத்தான் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையெழுத்து. ஷா256சம்ஸ் பக்கத்தில் ஷா256சம்ஸ்.ஜிபிஜி என்று இன்னொரு குட்டி ஃபைல் இருக்கிறது. பட்டியலை உபுண்டுவின் சாவி கொண்டு ஒப்பமிட்டது அது. ஐஎஸ்ஓவைப் பட்டியல் உறுதி செய்கிறது, பட்டியலைக் கையெழுத்து உறுதி செய்கிறது. ஏற்கெனவே உபுண்டு ஓடும் மெஷின் கையில் இருந்தால் சாவியை இணையத்தில் தேடவே வேண்டாம், சிஸ்டத்திலேயே இருக்கிறது:

ஜிபிஜிவி --கீரிங்=/யுஎஸ்ஆர்/ஷேர்/கீரிங்ஸ்/உபுண்டு-ஆர்க்கைவ்-கீரிங்.ஜிபிஜி ஷா256சம்ஸ்.ஜிபிஜி ஷா256சம்ஸ்

'குட் சிக்னேச்சர்' வந்தால் பட்டியல் அசல். பதிலாக ஜிபிஜி --வெரிஃபை போட்டால் குட் சிக்னேச்சருக்குக் கீழேயே 'இந்தச் சாவிக்கு நம்பகமான சான்று இல்லை' என்று ஒரு எச்சரிக்கையும் வரும். பலர் அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். அந்தச் சாவி உபுண்டுவுடையதுதான் என்று நீங்கள் இதுவரை ஜிபிஜியிடம் சொல்லவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சாவியின் அடையாளமான 40 எழுத்து ஃபிங்கர்பிரிண்டை உபுண்டு தளத்தின் எச்டிடிபிஎஸ் பக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 'பேட் சிக்னேச்சர்' வந்தால் மட்டும் அந்தப் பட்டியலைத் தொடாதீர்கள்.

மிரர் எச்டிடிபியாக இருப்பதில் தப்பில்லை, கையெழுத்தைச் சரிபார்க்கிற வரைக்கும். சோம்பலாக இருந்தால் குறைந்தபட்சம் ஐஎஸ்ஓவை மிரரிலிருந்தும் ஹாஷை உபுண்டுவின் சொந்தத் தளத்திலிருந்து எச்டிடிபிஎஸ் வழியாகவும் எடுங்கள்.

கையெழுத்துக்கும் எல்லை உண்டு. 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் (லினக்ஸில் ஃபைல் சுருக்கும் சாஃப்ட்வேர்) பின்வாசல் விவகாரத்தில் 5.6.0, 5.6.1 இரண்டையும் கெடுத்தவரே ப்ராஜெக்டின் பராமரிப்பாளர்களில் ஒருவர். அங்கே ஹாஷ் சரி, கையெழுத்து சரி, சரக்குதான் கெட்டது. அதை ஐஎஸ்ஓ இறக்குகிற நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

---

ஹெப்பால்_எம்எல்:

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகல். ஐஎஸ்ஓவுக்குப் பதில் மாடல் ஃபைல், டேட்டாசெட் இறக்குகிறவர்களுக்கு:

ஹக்கிங் ஃபேஸ் என்ற ஏஐ மாடல் தளத்திலிருந்து கிட் க்ளோன் செய்து (கிட் கமாண்டில் நகலெடுத்து), பல ஜிபி இருக்க வேண்டிய ஃபைல் 130 பைட் சுமாருக்கு இருந்தால் அது கெட்டுப்போன ஃபைல் இல்லை. பெரிய ஃபைல்களைக் கொண்டுவரும் கிட் எல்எஃப்எஸ் இல்லாமல் க்ளோன் செய்திருக்கிறீர்கள், வந்திருப்பது அசல் ஃபைலைக் காட்டும் சுட்டி. திறந்து பாருங்கள், மூன்று வரி இருக்கும். இரண்டாவது வரியில் ஓஐடி ஷா256 என்று இருப்பதுதான் அசல் ஃபைலின் ஹாஷ், மூன்றாவது வரி அதன் சைஸ். அசலை இறக்கிய பிறகு அதை வைத்தே சரிபார்க்கலாம்.

அமேசான் எஸ்3 ஸ்டோரேஜில் ஃபைலோடு காட்டும் ஈடேக் என்ற அடையாளத்தை எம்டி5 என்று நினைத்து ஒப்பிடுகிறார்கள். அதன் கடைசியில் கோடு போட்டு ஒரு எண் இருந்தால் அந்த ஃபைல் பல பகுதிகளாக ஏற்றப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் எம்டி5-ஐயும் சேர்த்து மறுபடி எடுத்த எம்டி5 அது. உங்கள் எம்டி5சம்மோடு பொருந்தவே பொருந்தாது.

யாரும் ஹாஷ் கொடுக்காத ஜிப், 7இசட், ஜிஇசட் என்றால் உள்ளேயே செக்சம் இருக்கிறது: 7இசட் டி, அன்ஜிப் -டி, ஜிஜிப் -டி. வெறும் டார் ஃபைலை நம்பாதீர்கள். அதில் ஒவ்வொரு ஃபைலின் தலைப்புக்கு மட்டும்தான் செக்சம், உள்ளடக்கத்துக்குக் கிடையாது. நடுவில் கெட்டிருந்தாலும் சத்தமில்லாமல் விரியும்.

---

பிடிஎம்_பிஜி:

எல்லோருக்கும் நன்றி. ஹெட் போட்டதும் முதல் வரியிலேயே எச்டிஎம்எல், கீழே 'என்டர் மொபைல் நம்பர்'. ஹெக்ஸ் அண்ணா சொன்ன மாதிரி 1 எம்பி எடுத்து ஒட்டினேன், ஓகே வந்துவிட்டது. ஜிபிஜிவியும் குட் சிக்னேச்சர்.

அடுத்தது பென்டிரைவ். பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான எஸ்.பி. ரோட்டில் 64 ஜிபி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதில் எழுதிய பிறகு அதையும் இப்படிச் சரிபார்க்க வேண்டுமா?

---

எஸ்பிரோடு_ரெகுலர்:

கண்டிப்பாக. நல்ல ஐஎஸ்ஓ கெட்டுப்போகிற அடுத்த இடமே அதுதான்.

மலிவு 64 ஜிபி என்றாலே முதலில் கொள்ளளவைச் சோதியுங்கள். உள்ளே 8 ஜிபி சிப்பை வைத்து 64 என்று பொய் சொல்லும் டிரைவ்கள் எல்லா ஊர் மார்க்கெட்டிலும் உண்டு. 6 ஜிபி ஐஎஸ்ஓவை மட்டும் எழுதிப் பார்த்தால் அந்தப் போலியும் தேறிவிடும். பிறகு அதிலேயே வேறு ஃபைல்களையும் சேர்த்து 8 ஜிபியைத் தாண்டும்போதுதான் புதியது காணாமல் போகும், அல்லது பழையதன் மேலேயே எழுதிவிடும். லினக்ஸில் எஃப்3ரைட் போட்டு முழுவதையும் நிரப்பி, எஃப்3ரீட் போட்டுத் திரும்பப் படியுங்கள். 'டேட்டா லாஸ்ட்' வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. நொடிக்கு 10 எம்பி எழுதும் டிரைவில் 64 ஜிபி நிரப்பவே ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். பில்லோடு வாங்கியிருந்தால் அந்த ரிசல்ட் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

எழுதுவதற்கு முன் எல்எஸ்பிஎல்கே போட்டு பென்டிரைவின் பெயரை உறுதி செய்யுங்கள். எஸ்டிபி என்று வைத்துக்கொண்டால்:

சூடோ டிடி ஐஎஃப்=உபுண்டு.ஐஎஸ்ஓ ஓஎஃப்=/டெவ்/எஸ்டிபி பிஎஸ்=4எம் கன்வ்=எஃப்சிங்க் ஸ்டேட்டஸ்=ப்ராக்ரஸ்

எஸ்டிபி1 இல்லை, எஸ்டிபி. இங்கே ஒரு எழுத்து மாறினால் லேப்டாப் டிஸ்க்கே போய்விடும். எஃப்சிங்க் இல்லாவிட்டால் கடைசி டேட்டா ரேமிலேயே நிற்கும்போது ப்ராம்ப்ட் வந்துவிடும், நீங்கள் பிடுங்கிவிடுவீர்கள்.

முடிந்ததும் டிரைவை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் படிக்கும்போது டிரைவுக்குப் போகாமல் ரேம் கேஷிலிருந்தே பதில் வரலாம். பிறகு:

சூடோ சிஎம்பி -என் (ஐஎஸ்ஓவின் பைட் எண்ணிக்கை) உபுண்டு.ஐஎஸ்ஓ /டெவ்/எஸ்டிபி

ஒன்றும் சொல்லாமல் ப்ராம்ப்ட் வந்தால் சரி. வித்தியாசம் இருந்தால் எந்த பைட்டில் என்று சொல்லும். எண்ணிக்கை கொடுக்காமல் விட்டால் ஐஎஸ்ஓ முடிந்துவிட்டது என்று ஒரு மெசேஜ் வரும், ஐஎஸ்ஓவை விட டிரைவ் பெரிது என்பதால். அது பிழை இல்லை. ஆனால் டிரைவ் முழுவதையும் ஷா256சம் போட்டால் ஒருபோதும் பொருந்தாது. பலீனா எட்சர் எழுதி முடித்ததும் தானே சரிபார்க்கும். ரூஃபஸில் ஐஎஸ்ஓ மோட் தேர்ந்தெடுத்தால் அது ஃபைல்களைப் பிரித்துப் போடுகிறது, இந்த ஒப்பீடு செல்லாது. டிடி மோடில் மட்டும்தான் செல்லும்.

இதை முதல் பூட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். உபுண்டு ஒருமுறை பூட் ஆனால் டிரைவின் மிச்ச இடத்தில் தனக்கென்று ஒரு பார்ட்டிஷன் உண்டாக்கிக்கொள்ளும், பார்ட்டிஷன் டேபிள் மாறும், சிஎம்பி ஆரம்பத்திலேயே வித்தியாசம் காட்டும். வகுப்பில் ஒவ்வொரு மெஷினிலும் பூட் ஆகும்போது ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் எம்டி5 பட்டியலை வைத்து உபுண்டு தானே ஒரு சோதனை போடும். அவசரத்தில் கண்ட்ரோல்-சி அடித்துத் தாண்டாதீர்கள். ஒரே பென்டிரைவ் மற்ற மெஷின்களிலெல்லாம் தேறி ஒன்றில் மட்டும் பிழை காட்டினால் அந்த மெஷினின் ரேம் அல்லது யுஎஸ்பி போர்ட். பின்பக்கத்து போர்ட்டில் மாற்றிப் போடுங்கள். அப்போதும் வந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓடட்டும், அதற்குள் மற்ற மெஷின்களை முடித்துவிடலாம்.